இலாப நோக்குக் கலைக் கல்லூரிக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி:
கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். மகள் அனிமேஷன் படிக்க விரும்புகிறாள். இலாப நோக்கில் நடத்தப்படும் தனியார் கலைக் கல்லூரி ஒன்று, அவளுடைய ஓவியங்களைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் இடம் தந்திருக்கிறது. ஆனால் கட்டணத்தின் பெரும்பகுதியைக் கடனாகத்தான் திரட்ட வேண்டும். சேர்க்கலாமா?

மறுமொழி 1:
ஓவியங்களைப் பாராமல் இடம் தருவதே என்னைத் தயங்க வைக்கிறது, ஐயா. இலாப நோக்கில் அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பிய 'தி ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ஸ்', எஞ்சியிருந்த கிளைகளையும் 2023 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. பட்டதாரிகளின் வேலைவாய்ப்பையும் ஊதியத்தையும் மிகைப்படுத்திக் காட்டி மாணவர்களை ஈர்த்ததாகக் கண்டறிந்த அமெரிக்கக் கல்வித் துறை, 2004 முதல் 2017 வரை அங்கே படித்த ஏறத்தாழ 3,17,000 பேரின் 610 கோடி டாலர் கூட்டரசுக் கடனை 2024 மே மாதம் தள்ளுபடி செய்தது. தனியார் வங்கிக் கடனுக்கு அத்தள்ளுபடி இல்லை.

மறுமொழி 2:
எல்லாத் தனியார் கல்லூரிகளையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். நல்ல ஆசிரியர்கள் அங்கும் உண்டு. ஆயினும் ஸ்டூடியோக்கள் பட்டத்தைவிடப் படைப்புத் தொகுப்பையே முதலில் பார்க்கின்றன என்பதால், கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் ஈராண்டு பயின்றுவிட்டு, சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தின் அனிமேஷன் பிரிவுக்கு மாற முயல்வதே எனக்கு விவேகமாகத் தெரிகிறது. முடிவெடுக்கும் முன், கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில், இடம் தந்திருக்கும் அக்கல்லூரிப் பட்டதாரிகளின் கடனையும் வருமானத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.