தோல்விக்குப் பின் அமைக்கப்படும் இடைக்காலத் தலைமைக் குழுவிடம் எவற்றை ஒப்படைக்க வேண்டும்?

ஹட்டன்வாசி (கேள்வி)

எங்கள் கட்சியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். ஊகித்தவர்களும் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில், தலைமுறை தலைமுறையாக நமக்கென்றே இருந்த வட்டாரங்கள் சிலவும் கைவிட்டுப் போயின. தோல்விக்குப் பொறுப்பேற்பதாகக் கூறி எங்கள் தலைவர் ஒதுங்கிக்கொள்ள, ஏழு பேர் கொண்ட இடைக்காலத் தலைமைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அந்தக் குழுவால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று எந்தத் தீர்மானத்திலும் எழுதப்படவில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் கூறுகிறேன். ஒரு தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தைக் கொழுந்து மடுவத்தில் (நிறுவைக் கொட்டகையில்) நிறுக்கும்போது கிலோவைக் கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்ற முறைப்பாட்டை நிர்வாகத்துக்கு அனுப்புவதற்காகக் கட்சியோடு சேர்ந்த எங்கள் தொழிற்சங்கத்தின் கடிதத் தலைப்பில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தோம். கையொப்பமிட வேண்டியவர் யார் என்று குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. இறப்பர் முத்திரையோ முன்னாள் செயலாளரின் வீட்டு அலுமாரியில் இருந்தது. ஓட்டோ பிடித்துப் போய்க் கேட்டதற்கு, குழுவின் தீர்மானம் எழுத்தில் வந்தால் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதிலும் தவறில்லை. கடிதம் ஒன்பதாம் நாள்தான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த பொதுச்சபையில் ஒரு திருத்தத்தை முன்வைக்க எண்ணியுள்ளேன். இத்தகைய குழுவிடம் எவற்றை ஒப்படைக்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு என்பது பற்றி அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பண்டாரவளை ஆசிரியர்

நம் மாகாணங்களையே தொட்டுச் சென்ற முன்னுதாரணம் ஒன்று உண்டு. 2013 செப்டெம்பரில் மத்திய, வடமேல், வட மாகாண சபைத் தேர்தல்களில் பின்னடைவைச் சந்தித்த ஐக்கிய தேசியக் கட்சி, அவ்வாண்டு முடிவதற்குள் கரு ஜயசூரியவைத் தவிசாளராகக் கொண்ட தலைமைத்துவ சபையை அமைத்தது. கட்சித் தலைவர் பதவியில் ரணில் விக்கிரமசிங்கவே நீடித்தார். தலைவரும் இருப்பார், சபையும் இருக்கும் என்னும் ஏற்பாட்டில் இறுதிச் சொல் யாருடையது என்ற கேள்வி ஓயவே இல்லை. மறு ஆண்டு செப்டெம்பரில் எங்கள் ஊவா மாகாண சபைத் தேர்தலில் அக்கட்சி 34 ஆசனங்களில் 13 ஐப் பெற்று நிமிர்ந்தது உண்மைதான். ஆயினும் அதற்குக் காரணம், நாடாளுமன்றப் பதவியை விட்டுவிட்டு முதலமைச்சர் வேட்பாளராக வந்து பதுளை மாவட்டத்தைச் சுற்றித் திரிந்த ஹரின் பெர்னாண்டோவே தவிர, கொழும்பில் கூடிய சபையன்று என்பது நேரில் பார்த்தவனான என் கருத்து.

அதே கட்சி 2020 பொதுத் தேர்தலில் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தோடு (நாடளாவிய வாக்கு வீதப்படி கட்சிக்குக் கிடைக்கும் ஆசனம்) நின்றது. அந்த ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்று முடிவாகாமலே 2021 ஜூன் வரை அது வெறுமையாகக் கிடந்தது. ஆகவே, குழுவை அமைப்பதை விட, முன்னாள் தலைவர் எந்தக் கூட்டத்துக்கு வரலாம், எதற்கு வரக்கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். "ஆலோசகர்" என்ற பதவியை மட்டும் உருவாக்கிவிடாதீர்கள்.

தலவாக்கலை சங்கப் பணியாளர்

ஆசிரியர் ஐயா கூறியது கட்சியைப் பற்றியது; நமக்குக் கட்சியும் தொழிற்சங்கமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்பதால் சிக்கலும் இரட்டிப்பாகிறது. கட்சிப் பக்கத்தில், வேட்புமனுவில் கையொப்பமிடும் உரிமை செயலாளருக்கோ அவர் அதிகாரமளித்த முகவருக்கோதான் உண்டு. தேர்தல் ஆணைக்குழுவின் பதிவில் செயலாளர் என்று இருப்பவரின் பெயர் மாறாத வரை உங்கள் ஏழு பேரும் சட்டத்தின் கண்ணில் பார்வையாளர்களே. சங்கப் பக்கத்தில், 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி உத்தியோகத்தர் மாற்றத்தைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் பத்திரிகையாளர் மாநாடு மட்டும் நடத்திய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கை மறந்துவிடாதீர்கள். காசோலையில் ஒப்பமிடுவோரை மாற்றுவதற்குக் கூட்டக் குறிப்பின் பிரதியை வங்கி கேட்கும், பழைய ஒப்பக்காரரின் ஒத்துழைப்பும் தேவைப்படும். தோற்ற மறுவாரம் எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போதே இதை முடித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவரவருக்குத் தைரியம் திரும்பியிருக்கும்.

இன்னொன்று: தொழிலாளரில் 40 சதவீதத்தினரை அங்கத்தவர்களாகக் கொண்ட சங்கத்தோடு பேச்சு நடத்த வேலைகொள்வோர் மறுக்கக்கூடாது என்று 1999 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. தலைமை தடுமாறும் மாதங்களில்தான் மற்றச் சங்கங்கள், தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கு அங்கத்துவப் படிவங்களோடு வரும்.

இராகலை வாசகி

ஏழு பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லையே. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களுடைய சம்பளத்தில்தான் சந்தா கழிகிறது, அந்த நிறுவைப் பிரச்சினையும் அவர்களுடையதுதான். மாலையில் பட்டணத்தில் கூட்டம் வைத்தால் வேலை முடிந்து வந்து, அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்க, எந்தப் பெண் பஸ் ஏறி வருவாள்? கூட்டத்தை ஒரு ஞாயிறு காலையில் தோட்டத்திலேயே வைத்துப் பாருங்கள், தேர்தலில் எதற்காகத் தோற்றோம் என்பதற்கு ஆய்வுக் குழுவே தேவைப்படாது.

கண்டி மாணவன்

கால எல்லையைப் பற்றி மட்டும் கூறுகிறேன். இந்தியாவின் காங்கிரஸ் கட்சியில் 2019 தோல்விக்குப் பின் தலைவர் ராகுல் காந்தி விலக, அவ்வாண்டு ஆகஸ்டில் இடைக்காலத் தலைவரான சோனியா காந்தி 2022 அக்டோபர் வரை அப்பதவியில் இருந்தார். மூன்றாண்டைத் தாண்டியதை இடைக்காலம் என்பது எப்படி? கனடாவின் பழமைவாதக் கட்சியிலோ, 2015 தோல்விக்குப் பின் இடைக்காலத் தலைவரான ரோனா அம்ப்ரோஸ் நிரந்தரத் தலைமைக்குப் போட்டியிட முடியாது என்பது கட்சியின் விதி. அவரும் 2017 மே மாதத்தில், அடுத்தவர் தெரிவானதும் விலகினார். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஹட்டன்வாசி

அனைவருக்கும் நன்றி. இராகலைச் சகோதரியின் கேள்விக்கு விடை: ஒருவரும் இல்லை. கேட்கப்படும் வரை எனக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்டித் தம்பி கூறிய விதியைச் சேர்த்தால் எழுவரில் இருவர் உடனே விலகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதனால் குழு சிறுத்தாலும் பாதகமில்லை, அந்த இடங்களுக்குத் தோட்டக் கமிட்டிகளிலிருந்து பெண்களைக் கேட்கலாம். ஆறு மாத எல்லை, முத்திரையும் காசோலைப் புத்தகமும் எழுத்து மூலம் கைமாறுவது, பதிவாளருக்கும் ஆணைக்குழுவுக்கும் அறிவிப்பது ஆகியவற்றைச் சேர்த்து வரைவை ஞாயிறு மாலை இங்கே இடுகிறேன். தலவாக்கலை ஐயா, வங்கி பற்றிய பந்தியை மட்டும் ஒருமுறை பார்த்துத் தாருங்கள்.