பொருள்: ஐந்து தந்தி பேஸ் கிதார் – ‘ஃபீல்’, ‘டோன்’ இரண்டுக்கும் சொல்

குழுவினருக்கு வணக்கம். நம் தமிழ் கிதார் சொற்பட்டியலில் ‘ஃபீல்’ (வாசிக்கும்போது கைக்குத் தெரிவது), ‘டோன்’ (காதுக்குக் கேட்கும் ஒலியின் தன்மை) இரண்டும் இன்னும் பாக்கி. உங்கள் கேள்விகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ஃபீல் = தொடுவுணர்வு, டோன் = தொனி என்று பட்டியலில் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம். அதற்கு முன் இந்த இரண்டையும் வைத்து ஒரு பேஸைப் பற்றி நாலு வரி எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். “இந்த பேஸின் தொடுவுணர்வு அருமை” என்றால் கிதாருக்கே சொரணை வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நரம்பு டாக்டர் உள்ளங்காலில் ஊசியால் தொட்டு “தெரியுதா?” என்று கேட்கிறாரே, அது தொடுவுணர்வு. தொனியோ இன்று பேச்சோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டது: கிண்டல் தொனி, மிரட்டல் தொனி.

> ஃபீலுக்கு இழுவிசை என்று பாடநூல் சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை பெங்களூரு பிரேசர் டவுனில், கிதார் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவரின் மாடிப் பட்டறையில் மூன்று ஐந்து தந்தி பேஸ்களை மாற்றி மாற்றி வாசித்தேன். ஒன்று மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5. 1987-இல் அறிமுகமான மாடல், தந்தி நீளம் 34 அங்குலம். இன்னொன்று லேக்லேண்ட், 35 அங்குலம். மூன்றாவது என்னுடையது, அதுவும் 34. ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் பாதி விலை என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள். மூன்றுக்கும் ஒரே ரகத்துப் புதுத் தந்தி போட்டோம். எல்லாவற்றிலும் தடித்து, சுருதி அடியில் இருக்கும் பி தந்தியின் தடிமன் 0.130 அங்குலம். (மூன்று செட் விலை என்ன என்று என் மனைவி இந்தக் குழுவில் இல்லாத தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

தந்தியும் சுருதியும் ஒன்றாக இருந்தால், இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 34-லிருந்து 35-க்குப் போனால் சுமார் 6 சதவீதம் கூடும். சரி, லேக்லேண்டில் பி கொஞ்சம் இறுகி நின்றது, கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஸ்டிங்ரேக்கும் என் பேஸுக்கும் நீளம், தந்தி, சுருதி மூன்றும் ஒன்று. இழுவிசையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? கை அப்படிச் சொல்லவில்லை. ஸ்டிங்ரேயில் பி தந்தியை இழுத்து விட்டால் விரலை எதிர்த்து நின்றது. என்னுடையதில் பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி தொய்ந்து, மெட்டுகளில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகள், ஃப்ரெட்) கடகடவென்று அடித்துக்கொண்டது.

நண்பர் மண்டியாக்காரர். எங்கள் பேச்சு பாதித் தமிழ், பாதிக் கன்னடம். குனிந்து என் பேஸின் குதிரையை (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ்) பார்த்தார். தந்தி 3.3 மில்லிமீட்டர் தடிமன். குதிரையின் மேல் சரியாக மடங்காமல் ஒரு சின்ன வில் மாதிரி எழும்பி நின்றது. அதிர்வு எந்தப் புள்ளியில் முடிய வேண்டும் என்பது அதற்கே தெரியாத நிலை. குதிரையை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார். சுருதி இறங்கியது, ஏற்றினார். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று திருகிக் கழுத்து வளைவைக் குறைத்தார். பி தந்தியை மட்டும் குதிரையில் ஒரு மயிரிழை உயர்த்தினார். வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஈக ஹத பந்த்து நோடி.” இப்போது ஹத வந்துவிட்டது, பாருங்கள் என்கிறார்.

ஹத! பால் ஹாலு ஆவதும் பத்து ஹத்து ஆவதும் இந்த ஊரில் குப்பை கொட்டும் நமக்குத் தெரியாததா? ஹத நம்முடைய பதமேதான். நாம் இங்கே மடல் மேல் மடலாக அடித்துக்கொண்டிருக்க, சொல் பக்கத்து வீட்டில் ஹகரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பாகின் பதத்தையும் சோற்றின் பதத்தையும் யாரும் கருவி வைத்து அளப்பதில்லை. தொட்டு, நசுக்கிப் பார்த்துச் சொல்கிறோம். இழுவிசையை நியூட்டனில் எழுதலாம். பதத்தில் தந்தியின் உயரம், கழுத்து வளைவு, தந்திகளுக்கு இடையே உள்ள இடம் எல்லாம் கலந்திருக்கிறது. ஸ்டிங்ரே 5-இல் குதிரைப் பக்கம் அந்த இடைவெளி 17.5 மி.மீ.; ஐபனீஸ் எஸ்.ஆர். 505-இல் 16.5. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் நாலு தந்தி ஃபெண்டரின் 19-க்குப் பழகிய என் விரல் முதல் நாள் முழுக்கப் பக்கத்துத் தந்தியில் போய் முட்டியது. இதைப் போய் இழுவிசை என்று எந்த இயற்பியல் வாத்தியாரிடம் சொல்வது?

> கம்பிப் பதம் என்று வைக்கலாமா :)

ஜிகணித் தம்பி, அது மைசூர்பாகுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

> வலிவான பி, மெலிவான பி?

இது ஆபத்து. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு மூன்றும் ஸ்தாயிகளின் பெயர். பேஸின் அடித்தந்தியைப் போய் வலிவு என்றால் மேல் ஸ்தாயி என்று ஆகிவிடும். முறுக்கான பதம், தொய்ந்த பதம் போதும்.

டோனுக்கு நாதம். வீணைக்காரரும் மிருதங்கக்காரரும் தினம் சொல்லும் சொல். பி தந்தியில் பதமும் நாதமும் வேறுவேறு என்பது நன்றாகவே தெரியும். அதன் சுருதி 30.87 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர்களில் அந்த அடி அதிர்வு ஏறக்குறைய வருவதே இல்லை. 62, 93 என்று மேலே வரும் மடங்குகளைக் கேட்டு, காதே அடியை ஊகித்துக்கொள்கிறது. தந்தி தடிமனாகி விறைத்தால் அந்த மேலதிர்வுகள் சரியான மடங்கில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நழுவும், காது குழம்பும், நமக்குச் ‘சேறு’ மாதிரி கேட்கும். தடிமனைக் குறைக்கலாமே என்றால், பி-க்கு அடுத்து மேலே உள்ள இ தந்தியையே பி வரை இறக்கினால் இழுவிசை 56 சதவீதத்துக்கு விழுந்துவிடும். நாதத்துக்காக மெலிந்த தந்தி போட்டால் பதம் கெடுகிறது, பதத்துக்காகத் தடித்த தந்தி போட்டால் நாதம் கெடுகிறது. நீளத்தைக் கூட்டுகிறவர்கள் இந்த இழுபறியைத்தான் தீர்க்கப் பார்க்கிறார்கள். டிங்வால் கம்பெனி பேஸில் மெட்டுகளை விசிறி மாதிரி சாய்த்து, பி-க்கு 37, மெல்லிய ஜி தந்திக்கு 34 அங்குலம் என்று கொடுத்திருப்பதும் அதற்குத்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வாக்கியங்களையே எழுத முடியாது.

– அல்சூரிலிருந்து

*

தம்பி,

நாதத்துக்கு என் ஓட்டு. பதத்தில் ஒரு சிக்கல். என் வகுப்பில் பதம் என்றால் பிள்ளைகள் பாட்டு நோட்டைத் திறப்பார்கள். பதம், ஜாவளி என்று பாட்டு வகைகளாகத்தான் அவர்களுக்குப் பழக்கம். கைப்பதம் என்று வையுங்களேன். சமையலில் ஏற்கெனவே இருக்கிற சொல்தான், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இன்னொன்று. பட்டியலில் பி தந்திக்கு ‘ஐந்தாம் தந்தி’ என்று இருக்கிறது. 1965-இல் வந்த ஃபெண்டர் பேஸ் ஐந்தில் கூடுதல் தந்தி கீழே பி இல்லை, மேலே சி என்று நீங்கள்தானே ஒரு முறை எழுதினீர்கள்? அப்படியானால் எண் ஏமாற்றும். வீணையில் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நாலுக்கும் பெயர் இருக்கிறது. உங்கள் இ தந்தியை ஸ என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கீழே உள்ள பி என்ன? ப. வீணையிலும் மந்தரம் ஸ, அதற்குக் கீழே அனுமந்தரம் ப. அச்சு அசல் அதே உறவு. நான் கிதாரைத் தொட்டதுகூட இல்லை, ஆனால் இது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

மெட்டு, குதிரை எல்லாம் எங்களிடமிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள். மேல்முனையில் தந்தி உட்காரும் இடத்துக்கு ‘நட்’ என்றே விட்டுவிட்டீர்களே, மேரு என்று போடுங்கள்.

– மல்லேஸ்வரம்

*

அக்கா, கைப்பதம், அனுமந்தரம், மேரு மூன்றையும் ஏற்றிவிட்டேன். ஒரே ஒரு தயக்கம்: இ தந்தி எல்லாப் பாட்டிலும் ஸ ஆக இருக்காது. ஆனால் பெயர் தந்தியின் இடத்துக்குத்தானே, ஸ்வரத்துக்கு இல்லையே. எடுத்துக்காட்டு வாக்கியம் இப்படி:

“34 அங்குல பேஸில் அனுமந்தரத்தின் கைப்பதம் தொய்ந்தால், தந்தியை மாற்றும் முன் குதிரையில் அது மடங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவும், நாதம் பாதி அங்கேயே தெளியும்.”

– அல்சூரிலிருந்து

*

அண்ணா, நேற்று ப்ராக்டிஸில் “கைப்பதம் வரலை” என்று சொல்லிப் பார்த்தேன். கிதாரிஸ்ட் சிரித்தான், டிரம்மர் மட்டும் “கை ஹதவா?” என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார். சரி, மீட்டிய ஒலி நின்று ஒலிக்கிறதே, அந்த சஸ்டைனுக்கு என்ன? நீடிப்பு?

– ஜிகணி

*

கார்வை இருக்கும்போது நீடிப்பு எதற்குத் தம்பி?

– மல்லேஸ்வரம்