புதுப்பிப்பு: ஆரல்வாய்மொழியில் பறந்த பந்தல்

10க்கு 10 அடி மடக்குப் பந்தலுக்குக் கூட வந்த நாலு ஆணி போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, போதவில்லை. ஆரல்வாய்மொழி மலைக் கணவாய்க் காற்று, அதுவும் ஆடி மாதம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலை எழும்ப, மச்சான் எட்டிப் பந்தல் காலைப் பிடித்தார் (யாரும் செய்யாதீர்கள், உள்ளங்கை கிழிந்து மூன்று தையல்), அடுத்த வீச்சில் ஆணிகள் முள்ளங்கி மாதிரி பிடுங்கிக்கொண்டு வர, பந்தல் எங்கள் காரைத் தாண்டி வேலிக் கம்பியில் போய் விழுந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன்: 40 கி.மீ. வேகத்திலேயே அந்தத் துணியில் சுமார் 70 கிலோ விசை, வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு. மணல் மூட்டை கட்டச் சொன்னவர்களே, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தக் காற்றில் துணியைக் கழற்றியிருக்கவேண்டும். பந்தலின் இரும்புச் சட்டம் வளைந்துவிட்டது, பழைய இரும்புக்குத்தான்.