‘தௌலா மதனிய்யா’: தமிழில் என்ன எழுதலாம்?

நண்பர்களுக்கு,

துனீசியாவின் 2014 அரசியலமைப்பை வகுப்புக்காகத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை மாணவர்கள் கையில் தாள் இருக்க வேண்டும். இரண்டாம் உறுப்பிலேயே நின்றுவிட்டேன். குடியுரிமை, மக்கள் விருப்பம், சட்டத்தின் மேலாண்மை இவற்றின் மேல் நிற்கும் ‘தௌலா மதனிய்யா’ என்று அரபியில் நாட்டைச் சொல்கிறது; தௌலா என்றால் அரசு, சிக்கல் மதனிய்யாவில்தான். ‘மதச்சார்பற்ற அரசு’ பொருந்தாது. முதல் உறுப்பே இஸ்லாமை நாட்டின் மதம் என்கிறது. இஸ்லாமியச் சட்டமான ஷரீஆவை அதில் எழுதிச் சேர்க்கும் கோரிக்கையை இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா 2012இல் கைவிட்டது. அதன்பின் அவர்களும் மதச்சார்பின்மை கேட்டவர்களும் வந்து சேர்ந்த சொல் இது. முழு அரசியலமைப்பையும் அவையில் 200 பேர் ஆதரித்தார்கள், 12 பேர் எதிர்த்தார்கள். ‘குடிமை அரசு’ சரியா?

*

தம்பி, சிவில் வழக்கை இலங்கையில் ‘குடியியல் வழக்கு’ என்கிறோம். ‘குடியியல் அரசு’ என்று போடுங்கள். ‘குடிமை’ என்றால் உங்கள் பக்கத்தில் ‘குடிமைப் பொருள் வழங்கல்’தானே முதலில் நினைவுக்கு வரும்?

*

வேரைப் பாருங்கள். மதனிய்யா மதீனாவிலிருந்து, அதாவது நகரத்திலிருந்து வந்தது. நமக்கும் நகரிலிருந்து நாகரிகம். ‘நாகரிக அரசு’தான் நேர்ச்சொல். நகர் வடசொல் என்பார்கள்; சங்கப் பாட்டில் அது மனையையும் கோயிலையும் குறிக்கிறது. ‘நயத்தக்க நாகரிகம்’ என்று வள்ளுவர் சொல்வது எங்கே? நஞ்சு பெய்வதைக் கண்டும் உண்டு அமைபவரிடம். எதிர்த் தரப்போடு சேர்ந்து சட்டம் எழுதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

*

ஐயா, அப்படியானால் மற்ற அரசுகள் நாகரிகமற்றவையா? மதனிய்யா என்றே விடலாம் என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதினார். அதுவும் வேண்டாம். எங்கள் வீடுகளில் மதனீ என்றால் நபிகளின் மதீனாக் காலத்தில் அருளப்பட்ட சூரா, அதாவது குர்ஆன் அத்தியாயம். ‘மதீனாவின் அரசு’ என்று வாசிப்பார்கள்; பொருள் தலைகீழாகிவிடும். அப்புறம், அரபு நாடுகளில் மதனீ என்பது அஸ்கரிக்கும், அதாவது படையாட்சிக்கும் எதிர்ச்சொல். அதையும் தமிழ்ச்சொல் தாங்க வேண்டும்.

*

அந்த இரண்டு பொருளையும் அடிக்குறிப்பில் எழுதுகிறேன். குடியுரிமை அதே வரியில் இருப்பதால் ‘குடிமை அரசு’ மாணவர்களுக்கு எளிதில் பிடிபடும். குடியியலைவிட இங்கே பழகிய சொல்லும் அதுதான். 2022இல் வந்த புதிய அரசியலமைப்பில் ‘மதனிய்யா’வே இல்லை. எதை இழந்தார்கள் என்று மாணவர் கேட்டால் சொல்ல நம்மிடம் ஒரு சொல் வேண்டும். இதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

*

கொடுங்கள். ஆனால் என் மறுப்பு பதிவாகட்டும். குறளில் ‘குடிமை’ அதிகாரம் பிறந்த குடியின் உயர்வைப் பேசுவது. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் உறுப்புக்கு அந்தச் சொல்லா?