போலித் தொலைவா, திருத்தாத் தொலைவா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

செயற்கைக்கோள் வழிகாட்டல் கலைச்சொல் பட்டியலில், கடிகாரப் பிழை நீக்கப்படாத தொலைவைக் குறிக்கும் ‘pseudorange’ என்பதற்குத் தாங்கள் முன்வைத்த ‘போலித் தொலைவு’ எனக்கு உடன்பாடில்லை. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று, ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பதாக இலக்கணம் வழங்கும் பொருளில் எடுத்தாண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அழகான பொருள்தான். ஆனால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று நாளிதழில் படித்து வளர்ந்த மாணவருக்கு அது ‘பொய்யான தொலைவு’ என்றே படும். அப்படிப் பட்டால் பாடத்தின் உயிர்நாடியே போய்விடும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, தாம் இருக்கும் இடத்தையும் சமிக்ஞை புறப்பட்ட நேரத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அது வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மேலே இருப்பவை அணுக் கடிகாரங்கள். கைப்பேசியில் இருப்பதோ சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு மைக்ரோநொடி பிசகினாலே தொலைவில் 300 மீட்டர் பிழை வந்துவிடும்.

இந்தப் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதுதான் அருமை. பிசகியது கைப்பேசியின் கடிகாரம். ஆகவே ஒரே கணத்தில் எத்தனை செயற்கைக்கோள்களை அளந்தாலும், எல்லாத் தொலைவுகளிலும் அது ஒரே அளவாகவே கலந்திருக்கும். அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகிய மூன்றோடு கடிகாரப் பிழையையும் நான்காவது மாறியாகக் கொண்டு, நான்கு செயற்கைக்கோள்களின் அளவுகளால் நான்கையும் கண்டுவிடலாம். மூன்று போதாமல் நான்கு கேட்பது இதற்காகத்தான். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் சமிக்ஞைக்குத் தரும் தாமதம் வேறு கதை. அதற்குத் தனிச் சொல் தேடுவோம்.

ஆகவே ‘திருத்தாத் தொலைவு’ என்று பரிந்துரைக்கிறேன். செல்லாக் காசு, வாடா மலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நாவுக்குப் பழகிய அமைப்பு. பிழை நீங்கியதும் ‘திருத்திய தொலைவு’ என்ற இணைச்சொல்லும் தானே அமைகிறது.

இடத்தைக் கண்டறியும் முறைக்குப் பட்டியலில் உள்ள ‘முக்கோண அளவீடு’ (triangulation) என்பதையும் நீக்க வேண்டுகிறேன். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைக்கு அது பொருந்தும். அங்கே கோணங்களை அளந்தார்கள். செயற்கைக்கோள் முறையில் கோணத்துக்கு வேலையே இல்லை. ‘தொலைவுவழி இடங்காணல்’ போதும். இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டலான இஸ்ரோவின் நாவிக் அமைப்புக்கும் இதே கணக்குத்தான் என்பதால், இரண்டு சொற்களையும் அந்தப் பகுதியிலும் சேர்த்துவிடலாம். தங்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ஐயா.