விடிலியில பாகு சுட்ட அன்னிக்கு: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

நாங்க சாயல்குடிப் பக்கம், பனைத்தொழில் குடும்பம். பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் விடிலியிலதான், அதான் கருப்பட்டி காய்ச்சுற ஓலைக் குடிசையிலதான் கிடப்போம். அவர் பதனீர் இறக்கிட்டு வருவார், நான் காய்ச்சுவேன். அடுப்பு தரையில வெட்டுனது. பாகு காய்ச்சுற பெரிய சட்டி, அந்தத் தாச்சியோட விளிம்பு என் மகளோட முழங்காலுக்குத்தான் வரும். அப்ப அவளுக்கு 4 வயசு.

பாகு பதம் வர்ற நேரம். சிரட்டை அடுக்கத் திரும்புனேன். பூனையை விரட்டிட்டு ஓடியாந்தவ கால் தடுக்கி, இடது கையைத் தாச்சிக்குள்ள ஊனிட்டா. கொதிதண்ணின்னா வழிஞ்சு ஓடிரும். பாகு அதைவிடச் சூடு, தோல்ல ஒட்டிக்கிட்டு வேக வச்சுக்கிட்டே இருக்கும். நான் முந்தானையால துடைச்சேன். தோலும் சேந்து வந்திருச்சு. அத்தை ஓடிப்போய் இட்லி மாவைக் கொண்டாந்து கை முழுக்க அப்புனாங்க. அப்படியே ஆட்டோவுல ஏத்திட்டோம்.

ஆஸ்பத்திரியில அந்த மாவைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை கதறுன கதறல் இன்னும் காதுல கேக்குது. நர்ஸம்மா ஒண்ணுதான் கேட்டாங்க: "தண்ணி ஊத்துனியாம்மா?"

ஊத்தல. விடிலியில ரெண்டு குடம் இருந்துச்சு. வண்டியில வந்த தண்ணி, காசு குடுத்து வாங்குனது. அதைக் கையில ஊத்தணும்னு தோணவே இல்ல. தண்ணியைச் சிந்துனா அடி வாங்கி வளந்தவங்க நாம.

20 நிமிஷம் ஊத்தணுமாம். குழாய் இல்லாட்டி செம்புல மொண்டு மொண்டு மெதுவா. உடனே முடியாட்டியும் 3 மணி நேரத்துக்குள்ள ஊத்துனா பலன் உண்டு. ஐஸ் ஆகாது. பேஸ்ட், மை, மாவு எதுவும் ஆகாது. வளையல், மோதிரத்தை வீங்குறதுக்குள்ள கழட்டிரணும். சின்னப் பிள்ளைன்னா மத்த உடம்பு குளுந்து போகாமப் போர்த்திக்கணும். பிறகு சுத்தமான துணியால லேசா மூடிட்டு 108-க்குக் கூப்பிடணும்.

*பாம்பன்ல இருந்து:*
அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. நாங்க போட்டுலதான் சமைப்போம். கச்சான் காத்துல ஒரு புரட்டு புரட்டுச்சு, உலை அப்படியே எங்க பையன் தொடையில கவுந்திருச்சு. பாலியஸ்டர் கைலி, ஒட்டிக்கிச்சு. ஒருத்தர் இழுக்கப் போனார், நான் கையைப் பிடிச்சுட்டேன். ஒட்டுன இடத்தை விட்டுட்டுச் சுத்தி வெட்டுனோம். குடிக்க வச்சிருந்த கேன் தண்ணியில பாதியை ஊத்திட்டு, வலையை ஏத்திக் கரைக்குத் திரும்பிட்டோம். டீசல் காசு போச்சுன்னு ஓனர் சத்தம் போட்டார். போடட்டும்.

*கடலாடிப் பக்கம்:*
எங்க ஊருல கரிமூட்டம். சீமைக்கருவேலக் கட்டையை அடுக்கி, வைக்கோல் போட்டு மண்ணால மூடி, உள்ளுக்குள்ளயே நாள்கணக்குல வேக விடுவாங்க. மேல பாத்தா சும்மா மண்மேடு. வெடிப்பு விட்டு புகை வந்தா மேல ஏறி மண்ணைப் போட்டு அடைக்கணும். அப்படி ஏறுன எங்க அண்ணனுக்கு வலது கால் கணுக்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு. வெறுங்கால். பாதம் வெள்ளையா, தோல் மாதிரியே இல்லாம இருந்துச்சு. "வலியே இல்லடா"ன்னு சொல்லிட்டு மறுநாளும் கூலிக்குப் போயிட்டான். நரம்பு வரைக்கும் வெந்ததாலதான் வலிக்கலன்னு டாக்டர் சொன்னப்ப அஞ்சு நாள் ஆகிப்போச்சு. வலி இல்லாத புண்ணுதான் ஆழமான புண்ணுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல.

*நான்தான், சாயல்குடி:*
பாம்பன் அண்ணே, நீங்க பிடிச்ச கையாலதான் அந்தப் பையனுக்குத் தோல் மிஞ்சுச்சு.

மகளுக்கு மதுரையில தொடைத் தோலை எடுத்து வச்சுத் தச்சாங்க. புண் ஆறுன பிறகுதான் பெரிய வேலையே. தழும்பு இறுகி முழங்கையை மடக்கி இழுக்கும். ராத்திரி கை மடங்காம இருக்கச் சிம்புப் பட்டை வச்சுக் கட்டி, காலையில எண்ணெய் தடவி நீட்டி மடக்கணும். அழுவா, நானும் அழுவேன், ஆனா ஒரு நாளும் விட்டதில்ல. இப்ப கை முக்கால்வாசி நீளுது. பள்ளிக்கூடத்துல கோகோ ஆடுறா.

அடுப்பைச் சுத்தி இடுப்பு உயரத்துக்குக் கல்லு அடுக்கிட்டோம். நைலான் சேலையோட அடுப்புக்கிட்ட நான் போறதில்ல. விடிலி வாசல்ல மூடி போட்ட குடம் ஒண்ணு எப்பவும் நிக்கும், அதுல யாரும் குடிக்க மாட்டாங்க.

கடலாடித் தம்பி, அண்ணன் இப்ப கால் ஊனி நடக்குறாங்களா?