பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தும் மகளுக்கு ஓவர்சீஸ் ஃபீஸ் போட்டிருக்கிறார்கள், என்ன செய்யலாம்?

பெருந்துறை அம்மா (ஏப்ரல் 2025):

எல்லாருக்கும் வணக்கமுங்க. மகளின் படிப்பு விஷயமாக ஒரு சிக்கல். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

2009-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனோம். லெஸ்டரில் 14 வருடம் இருந்தோம். மகளுக்கு அப்போது ரெண்டு வயது. ஜி.சி.எஸ்.இ. (நம்ம பத்தாவது மாதிரி) வரைக்கும் அங்கேதான் படித்தாள். 2017-ல் எங்களுக்கும் மகளுக்கும் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானதால் 2023 ஜூலையில் ஊருக்கு வந்தோம். இப்போது கோவையில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள்.

வருகிற செப்டம்பரில் உயிரியல் பட்டப்படிப்புக்கு அங்கே இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் ரெண்டுமே அவளை 'ஓவர்சீஸ்' என்று போட்டிருக்கின்றன. உள்நாட்டு மாணவர்களுக்கான ஹோம் ஃபீஸ் வருடத்துக்கு 9,535 பவுண்டு. ஓவர்சீஸ் 24,000-க்கு மேல். மூன்று வருடத்துக்குப் பார்த்தால் வித்தியாசம் மட்டுமே அரைக்கோடி ரூபாய்க்கு வருகிறது. அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளை எப்படி வெளிநாட்டு மாணவி ஆவாள்? ஒரு வாரமாக வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

நொய்யல் கரை:

அக்கா, பாஸ்போர்ட் இருந்தால் ஹோம் ஃபீஸ்தான். திருப்பூரில் நாங்கள் விசாரித்த ஏஜென்ட்டும் அதைத்தான் சொன்னார். பாஸ்போர்ட் நகலை மறுபடி அனுப்பிப் பாருங்கள்.

கோபி வாத்தியார்:

தம்பி, அப்படிச் சொல்லி அனுப்பாதீர்கள். என் தம்பி குடும்பமும் இதில் மாட்டியது. அப்போது அந்த விதிகளை வரிவரியாகப் படிக்க வேண்டி வந்தது.

இங்கிலாந்தில் இதற்கென்று 2007-ல் போட்ட சட்ட விதிகள் இருக்கின்றன. குடியுரிமையோ, ஐ.எல்.ஆர். மாதிரி நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ இருப்பது முதல் படி மட்டும்தான். அடுத்த படி, படிப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளுக்கு முந்தைய மூன்று வருடமும் அங்கே வசித்திருக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு அந்த முதல் நாள் செப்டம்பர் 1. அம்மிணி, உங்கள் மகளுக்கு 2022 செப்டம்பர் 1 முதல் 2025 ஆகஸ்ட் 31 வரை கணக்கு. அதில் ரெண்டு வருடத்துக்கும் மேல் அவள் பெருந்துறையில் இருந்திருப்பாள். கோவைப் பள்ளி, பெருந்துறை முகவரி இரண்டையும் விண்ணப்பத்தில் பார்த்ததுமே ஓவர்சீஸ் என்று போட்டிருப்பார்கள்.

ஆனாலும் 'வசிப்பது' என்றால் ஒவ்வொரு நாளும் அந்த மண்ணில் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. வாழ்க்கை அங்கே வேரூன்றி இருந்து, ஒரு காரணத்துக்காகக் கொஞ்ச காலம் வெளியே போனால், அதைத் தற்காலிகமாக இல்லாமல் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அதனால் நான்கு விஷயம் சொல்லுங்கள். ஃபீஸ் படிவத்தில் ஊருக்கு வந்த காரணமாக என்ன எழுதினீர்கள்? லெஸ்டர் வீடு என்ன ஆச்சு? உங்கள் வீட்டுக்காரர் இப்போது எங்கே வேலை செய்கிறார்? சம்பளம் எந்த நாட்டிலிருந்து வருகிறது?

பெருந்துறை அம்மா:

ஐயா, படிவத்தில் 'மாமனார் உடல்நிலை காரணமாகக் குடும்பத்தோடு இந்தியா திரும்பிவிட்டோம்' என்று எழுதினேன். வீட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறோம், எங்கள் சாமான் மேல் அறையில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் அதே லெஸ்டர் துணி கம்பெனியில்தான் இருக்கிறார். திருப்பூரில் அவர்களுக்குப் பின்னலாடை தைத்துக் கொடுக்கும் யூனிட்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அப்பா இப்படி இருக்கிறாரே என்று இவரே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் இரண்டு வருட ஒப்பந்தம், இப்போது இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். அது முடிந்ததும் லெஸ்டர் அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும் என்று கடிதத்தில் இருக்கிறது. சம்பளம் அங்கேதான் ஏறுகிறது.

கோபி வாத்தியார்:

அம்மிணி, முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறீர்களே! பெற்றோரில் ஒருவர் தற்காலிக வேலைக்காக வெளிநாட்டில் இருந்ததால் பிள்ளையும் அங்கே வசிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்தையும் வசித்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே விதிகளில் இருக்கிறது. 'திரும்பிவிட்டோம்' என்ற ஒரு சொல்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. படித்தவர்கள் ஒரேயடியாக வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். ஒப்பந்தம், நீட்டிப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், மகளின் பழைய பள்ளிச் சான்று எல்லாவற்றையும் சேருங்கள். இடையில் லெஸ்டர் போய் வந்திருந்தால் அந்த டிக்கெட்டும் வேண்டும். முக்கியமாக, கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எப்போது அனுப்பினார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்று தேதியோடு இருக்க வேண்டும்.

மாமனார் உடல்நிலையை மறைக்காதீர்கள். அதுவும் உண்மை, வேலையும் உண்மை, இரண்டையும் நடந்தபடியே எழுதுங்கள். நாளைக்கு எழுதியது பொய் என்று தெரிந்தால் சேர்ந்த இடமே போய்விடும்.

இன்னொன்று, ஒரு பல்கலைக்கழகம் ஹோம் என்றால் இன்னொன்றும் அப்படியே சொல்ல வேண்டும் என்றில்லை. விதி ஒன்றுதான். அதைப் படித்து முடிவெடுப்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு ஆள்.

காங்கேயத்துக்காரன்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும். தங்கச்சி மகன் ஸ்டூடண்ட் விசாவில் நான்கு வருடமாக அங்கே இருக்கிறான். மூன்று வருடம் தாண்டிவிட்டதே, முதுகலைக்கு அவனுக்கு ஹோம் ஃபீஸ் கிடைக்குமா?

கோபி வாத்தியார்:

கிடைக்காதுங்க. முதலில் அவனுக்கு நிரந்தரத் தங்கும் உரிமை இல்லை. அது இருந்தாலும், முழுக்கவோ பெரும்பாலுமோ படிப்புக்காகத் தங்கிய காலம் அந்த மூன்று வருடக் கணக்கில் சேராது. ஒரு காலத்தில் இப்படி இல்லை. படிக்க வந்து தங்கிய மாணவர்கள் கல்வி உதவித்தொகை கேட்டு, அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனார்கள். 'ஷா எதிர் பார்னெட்' என்று அந்த வழக்கைச் சொல்வார்கள். ஒருவர் தானாக விரும்பி, நிலையான ஒரு நோக்கத்தோடு தங்கியிருந்தால் அதுவே வசிப்பது, படிப்பும் அப்படி ஒரு நோக்கம்தான் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் படிப்புக்காகத் தங்கியதைக் கழிக்கும் வரியை விதியில் சேர்த்தார்கள்.

பவானி பொண்ணு:

இவ்வளவு அலைவதற்கு இங்கேயே படிக்க வைக்கலாமே அக்கா? கோவையில் இல்லாத கல்லூரியா?

பெருந்துறை அம்மா:

அதையும் பார்த்தோம் கண்ணு. இங்கே அவள் ஓ.சி.ஐ. கார்டுக்காரி, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற கார்டு. என்.ஆர்.ஐ. இடம், என்.ஆர்.ஐ. கட்டணம் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அங்கே போனால் இந்தியாக்காரி, இங்கே இருந்தால் வெளிநாட்டுக்காரி. "நான் எந்த ஊர்தாம்மா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

கோபி வாத்தியார்:

கார்டு எப்போது வாங்கினீர்கள் என்று பாருங்கள். ஓ.சி.ஐ.காரர்களுக்கு என்.ஆர்.ஐ. இடங்கள்தான் என்ற மத்திய அரசின் அறிவிப்பு 2021 மார்ச் 4-ல் வந்தது. அதைப் பின்தேதியிட்டுப் பழையவர்கள்மேல் ஏற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே கார்டு வாங்கியவர்கள் ஐ.ஐ.டி. மாதிரி மத்திய நிறுவனங்களில் பொதுப்பிரிவு இடத்துக்குப் போட்டியிடலாம்.

பெருந்துறை அம்மா:

2018-ல் வாங்கியது ஐயா. இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. இவள் தம்பிக்கு உதவும், குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பெருந்துறை அம்மா (ஜூன் 2025):

பதில் வந்துவிட்டது. எல்லாத் தாள்களையும் அனுப்பி ஐந்து வாரம் காத்திருந்தோம். நடுவில் ஒரு இடத்திலிருந்து, லெஸ்டர் வீட்டு வாடகைக்காரர் எப்போது காலி செய்கிறார் என்றுகூடக் கேட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் ஹோம் என்று மாற்றிவிட்டது. இன்னொன்று, நாங்கள் வந்ததன் முதல் காரணம் குடும்பம்தான், வேலை அல்ல என்று சொல்லி ஓவர்சீஸிலேயே நிற்கிறது. வாத்தியார் ஐயா சொன்னபடியேதான் நடந்தது. அதே தாள்கள், இரண்டு முடிவுகள். மகளுக்கு அந்த இரண்டாவது இடத்தின் மேல்தான் ஆசை அதிகம். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு அவளாகவே வந்து முதல் இடத்தை உறுதி செய்துவிடலாம் என்றாள்.

ஐயா, ஹோம் என்று வந்துவிட்டதால் கல்விக் கடனும் தானாகக் கிடைத்துவிடுமா?

கோபி வாத்தியார்:

ரொம்ப சந்தோஷம் அம்மிணி. கடன் தானாக வராது. அதை முடிவு செய்வது ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து என்ற தனி அமைப்பு. பல்கலைக்கழகத்தின் முடிவு அவர்களைக் கட்டுப்படுத்தாது. அதே தாள்களை மறுபடி அனுப்பணும். கம்பெனிக் கடிதத்தை மேலே வையுங்கள், இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள்.